ஸ்கேன் படங்களுக்கு ஒரு கணக்குப்பிள்ளை

ஸ்கேன் எடுக்கப் போனால் முன்பெல்லாம் பெரிய கறுப்பு பிலிமை உறையில் போட்டுக் கொடுப்பார்கள். இப்போது பிலிமுடன் ஒரு சிடியும் வருகிறது. சில மையங்கள் சிடிக்குப் பதிலாக மொபைல் போனுக்கு ஒரு லிங்க் அனுப்பி விடுகின்றன. பிலிமை டாக்டரிடம் காட்டுகிறோம். சிடி அலமாரியில் தூங்குகிறது. புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியுள்ள வாசகர்கள் அந்த சிடியைத் தேடி எடுத்து வையுங்கள். இந்த மாதப் பாடத்திற்கு அதுதான் தேவை. அதைத் திறந்து பார்க்கப் பழகுவதோடு, அதைச் சுற்றி வளர்ந்துள்ள ஒரு வேலையைப் பற்றியும் தெரிந்து கொள்ளலாம்.

நான் சென்னையில் ஒரு சாப்ட்வேர் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். பல மருத்துவமனைகளிலிருந்து வரும் ஸ்கேன் படங்களை வாங்கி, சரிபார்த்து, ஆராய்ச்சிக்காக அடுக்கி வைக்கும் புரோகிராம்களை எழுதுவது என் பணி. ஊர் காரைக்கால் பக்கம் கருக்களாச்சேரி, கடலோர மீனவ கிராமம். விடுமுறையில் ஊருக்குப் போனால், லேப்டாப்பைத் திறப்பதற்குள் யாராவது ஒரு சிடியோடு வந்து விடுவார்கள். "தம்பி, இதுல என்ன போட்டிருக்குன்னு கொஞ்சம் பாரு" என்பார்கள். படத்தைத் திறந்து காட்டுவேன். என்ன நோய் என்று என்னால் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது.

சென்ற முறை போனபோது என் சித்தப்பா மகள் வேறொரு கேள்வி கேட்டாள். பி.எஸ்சி. ரேடியாலஜி படித்தவள். "அண்ணா, ஸ்கேன் சென்டர்ல மெஷின் ஓட்டுறதைத் தவிர எங்களுக்கு வேற வேலையே கிடையாதா?" என்றாள். இருக்கிறது. மருத்துவப் படங்களை வைத்து நடக்கும் ஆராய்ச்சியை நிர்வகிக்கும் வேலை. எங்கள் ஊர் ஆட்களுக்கு ஒரே வார்த்தையில் சொல்வதானால், படங்களுக்குக் கணக்குப்பிள்ளையாக இருப்பது. மீன் இறங்குதளத்தில் எந்தக் கூடை எந்தப் படகிலிருந்து வந்தது என்ற கணக்கு குழம்பினால், அன்றைய ஏலமே சண்டையில் முடியும். இங்கே கணக்கு குழம்பினால், வேலை செய்யாத மருந்து வேலை செய்வதாக எழுதப்பட்டுவிடும்.

ஆராய்ச்சியில் படத்திற்கு என்ன வேலை?

ஒரு புற்றுநோய் மருந்தைச் சோதிக்கிறார்கள் என வைத்துக் கொள்வோம். மருந்துக்கு முன் ஒரு சிடி ஸ்கேன், சில வாரங்கள் கழித்து இன்னொன்று. கட்டி சுருங்கியதா, வளர்ந்ததா? இதை அளக்க 2000-ல் வெளியாகி 2009-ல் திருத்தப்பட்ட ரெசிஸ்ட் என்ற விதிமுறை உள்ளது. அளக்கும் கட்டிகளின் மொத்த நீளம் 30 சதவீதம் குறைந்தால் மருந்துக்குப் பலன் இருக்கிறது. அதுவரை இருந்த மிகக் குறைந்த அளவிலிருந்து 20 சதவீதம் கூடி, அந்தக் கூடுதல் குறைந்தது 5 மில்லிமீட்டராகவும் இருந்தால் நோய் முற்றுகிறது. 30 மில்லிமீட்டர் கட்டி 36 ஆனால் அந்த நோயாளிக்கு மருந்தே நிறுத்தப்படலாம். ஆறு மில்லிமீட்டர் என்பது ஒரு பென்சிலின் கனத்தைவிடக் குறைவு! முதல் ஸ்கேனை மெல்லிய துண்டுகளாகவும் இரண்டாவதைத் தடித்த துண்டுகளாகவும் எடுத்திருந்தால், இந்த ஆறு மில்லிமீட்டர் வித்தியாசம் உடம்பில் வந்ததா, மெஷினில் வந்ததா எனச் சொல்வது கடினம். இரண்டும் ஒரே மாதிரி எடுக்கப்பட்டதா என்று படம் வந்து சேர்ந்த அன்றே பார்ப்பவர்தான் நம் கணக்குப்பிள்ளை.

இது புதிய சிந்தனை இல்லை. காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தை 107 நோயாளிகளிடம் சோதித்த பிரிட்டன் ஆய்வு 1948-ல் வெளியானது. அதில் எக்ஸ்ரே பிலிம்களை இரண்டு ரேடியாலஜிஸ்ட்டுகளும் ஒரு டாக்டரும் தனித்தனியே பார்த்தார்கள். எந்தப் பிலிம் மருந்து எடுத்தவருடையது என்பது அவர்களுக்குத் தெரியாது. தெரிந்தால் மனசு சாய்ந்துவிடும் அல்லவா? கம்ப்யூட்டரே இல்லாத அந்தக் காலத்திலும், பிலிமுக்குரியவர் யார் என்பதை மறைத்துக் கொடுத்து, முடிவு வந்த பிறகு சரியான ஆளோடு பொருத்த ஓர் ஏற்பாடு இருந்திருக்க வேண்டும். அந்த ஏற்பாட்டைத்தான் இன்று சாப்ட்வேர் கொண்டு செய்கிறோம்.

மதுரையிலும் சென்னையிலும் நடந்தது

நம் ஊர் உதாரணமே இருக்கிறது. சர்க்கரை நோயால் கண்ணின் விழித்திரை பாதிக்கப்படுவதை, கம்ப்யூட்டர் தானாகக் கண்டுபிடிக்க முடியுமா என்று கூகுள் ஆராய்ச்சியாளர்கள் பார்த்தார்கள். அந்த ஆய்வு 2016-ல் அமெரிக்க மருத்துவ சங்கத்தின் இதழில் வெளியானது. கம்ப்யூட்டருக்குப் பாடம் சொல்லித் தர 1,28,175 விழித்திரைப் படங்கள் பயன்பட்டன. அமெரிக்காவிலிருந்து வந்த படங்களோடு மதுரையில் பிறந்த அரவிந்த் கண் மருத்துவமனை, சென்னை சங்கர நேத்ராலயா, பெங்களூரு நாராயண நேத்ராலயா ஆகியவற்றின் படங்களும் அதில் அடக்கம்.

அந்தப் பெரிய எண்ணை விட்டுவிட்டு அடுத்ததைக் கவனியுங்கள். 54 கண் மருத்துவர்கள் படங்களைப் பார்த்து மதிப்பிட்டார்கள். ஒவ்வொரு படமும் 3 முதல் 7 முறை மதிப்பிடப்பட்டது. ஏன் இத்தனை முறை? ஒரே படத்தைப் பார்த்து இரண்டு நல்ல டாக்டர்கள் இரண்டு விதமாகச் சொல்வது சகஜம். எந்தப் படம் யாரிடம் போனது, யார் என்ன சொன்னார், எந்தப் படம் மங்கலாக இருந்து ஒதுக்கப்பட்டது என்று லட்சக்கணக்கான வரிகளுக்குக் கணக்கு வைக்க வேண்டும். செய்தித்தாளில் செயற்கை நுண்ணறிவு என்று பெரிய எழுத்தில் வரும். இந்தக் கணக்கு வேலை செய்தியில் வராது. ஆனால் இது இல்லாமல் அது இல்லை.

அடுத்து, அந்த சாப்ட்வேர் நிஜமான மருத்துவமனையில் எப்படி வேலை செய்கிறது என்று அரவிந்திலும் சங்கர நேத்ராலயாவிலும் 3,049 சர்க்கரை நோயாளிகளிடம் பார்த்து, 2019-ல் முடிவை வெளியிட்டார்கள். அங்கே கம்ப்யூட்டரின் முடிவை ஒவ்வோர் இடத்திலும் ஒரு விழித்திரை நிபுணரின் முடிவோடும், பயிற்சி பெற்ற ஒரு கிரேடரின் முடிவோடும் ஒப்பிட்டார்கள். கருத்து வேறுபட்டால் மூன்று நிபுணர்கள் கூடித் தீர்த்தார்கள். கிரேடர் என்ற வார்த்தையைக் குறித்துக் கொள்ளுங்கள். படத்தை வரையறுத்த விதிப்படி தரம் பிரிப்பவர். அவர் டாக்டராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பயிற்சியும் பொறுமையும் உள்ளவர்களுக்கு இது ஒரு தனி வேலை.

சென்னை ஐஐடியில் 2022-ல் தொடங்கிய சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் இன்னொரு உதாரணம். கருவில் வளரும் குழந்தையின் மூளையை மெல்லிய சீவல்களாக்கி, ஒவ்வொன்றையும் செல் அளவில் படம் பிடித்து, 5,132 சீவல்களின் படங்களை தரணி என்ற பெயரில் 2024 டிசம்பரில் வெளியிட்டார்கள். உலகில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். ஒரு சீவல் வரிசை மாறினாலும் மூளையின் அமைப்பே தப்பாகிவிடும். ஐயாயிரம் பக்கப் புத்தகத்தைப் பக்க எண் இல்லாமல் தைக்கச் சொன்னால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

இனி சிடியைப் போடுங்கள்

இப்போதைய லேப்டாப்களில் சிடி டிரைவ் இருப்பதில்லை. யு.எஸ்.பி.யில் இணைக்கும் டிரைவ் தனியாகக் கிடைக்கிறது. அல்லது டிரைவ் உள்ள நண்பரிடம் பென் டிரைவில் காப்பி செய்து வாங்கிக் கொள்ளுங்கள். ஒன்று சொல்லி விடுகிறேன்: வீட்டில் உள்ளவர்களின் சிடியையே எடுங்கள், அவர்களிடம் கேட்டு விட்டு எடுங்கள்.

சிடியைப் போட்டதும் தானாக ஒரு வியூவர் புரோகிராம் இயங்கப் பார்க்கும். அதை அனுமதிக்க வேண்டாம். பல சிடிக்களில் உள்ள வியூவர் மிகப் பழையது. அதற்குப் பதிலாக மைக்ரோடைகாம் அல்லது வீசிஸ் என்ற புரோகிராமை அதன் சொந்த இணைய தளத்திலிருந்து இறக்கி இன்ஸ்டால் செய்து கொள்ளுங்கள். முதலாவது வீட்டு உபயோகத்திற்கு இலவசம். இரண்டாவது ஓப்பன் சோர்ஸ். சிடியில் உள்ள எல்லாவற்றையும் ஹார்ட் டிஸ்க்கில் ஒரு புதிய போல்டருக்கு காப்பி செய்து, அந்த போல்டரை வியூவரில் திறந்திடுங்கள். மவுஸ் வீலைச் சுழற்றினால் உடம்பு துண்டு துண்டாக நகர்வது தெரியும்.

இந்த பைல்களின் வகைக்கு டைகாம் என்று பெயர். அமெரிக்க ரேடியாலஜி கல்லூரியும் மின்கருவித் தயாரிப்பாளர் சங்கமும் 1983-ல் கூடிப் பேசத் தொடங்கி, 1985-ல் முதல் வடிவத்தை வெளியிட்டு, 1993-ல் டைகாம் என்ற பெயரில் நிலைநிறுத்தின. அதற்கு முன் ஒரு கம்பெனி மெஷினின் படத்தை இன்னொரு கம்பெனி கம்ப்யூட்டரில் திறப்பதே பெரும்பாடாக இருந்தது. சிடி ஸ்கேனின் ஒரு துண்டு பெரும்பாலும் 512 புள்ளி அகலம், 512 புள்ளி உயரம் இருக்கும். ஒரு புள்ளிக்கு இரண்டு பைட். பெருக்கினால் 5,24,288 பைட், அதாவது 512 கேபி. முன்னூறு துண்டு என்றால் 150 எம்பி. உங்கள் போல்டரை ரைட் கிளிக் செய்து பிராப்பர்டீஸ் பார்த்தால் கணக்கு ஏறக்குறைய ஒத்துப் போகும். சுருக்கப்பட்ட பைல்கள் என்றால் குறையும்.

வியூவரில் டைகாம் டேக்ஸ் என்று ஒரு கட்டளை இருக்கும். அதைக் கிளிக் செய்திடுங்கள். நீளமான ஒரு பட்டியல் விரியும். புதிதாகப் பார்ப்பவர்கள் இங்கேதான் திகைத்துப் போகிறார்கள். படத்திற்குள்ளேயே ஆளின் ஜாதகம் ஒளிந்திருக்கிறது! (0010,0010) என்ற எண்ணுக்கு எதிரே நோயாளியின் பெயர். (0010,0030) பிறந்த தேதி. (0010,1040) முகவரி, நிரப்பியிருந்தால். (0008,0020) ஸ்கேன் எடுத்த தேதி. (0008,0080) மருத்துவமனை. (0018,0050) துண்டின் தடிமன். மேலே சொன்ன ஆறு மில்லிமீட்டர் பிரச்னைக்கு விடை இங்கே இருக்கிறது. ஒவ்வொரு படத்திற்கும் உலகில் வேறெதற்கும் இல்லாத நீண்ட எண் ஒன்றும் உண்டு. புள்ளிகளோடு சேர்த்து 64 எழுத்து வரை போகும்.

வாட்ஸ்அப்பில் பிலிமைப் போட்டோ எடுத்து அனுப்புகிறோமே, அதில் இவை எதுவும் இருக்காது. படமும் சுருங்கிப் போகும். அவசரத்திற்கு டாக்டர் ஒரு பார்வை பார்க்க அது போதும். ஆராய்ச்சிக்கு உதவாது.

பெயரை எடுத்தால் போதுமா?

ஆராய்ச்சிக்குப் படம் போகும்போது ஆள் யாரென்று தெரியக் கூடாது. இந்த வேலையின் பாதிப் பொறுப்பு இதுதான். மைக்ரோடைகாமில் அனானிமைஸ் என்ற வசதி உள்ளது. உங்கள் போல்டரின் காப்பி ஒன்றில் அதை இயக்கி, மறுபடி டேக்ஸ் பட்டியலைத் திறந்து, என்னென்ன மறைந்தன, என்னென்ன இன்னும் நிற்கின்றன என்று ஒரு தாளில் எழுதுங்கள். இந்தப் பயிற்சியை அவசரப்படாமல் செய்ய வேண்டும். பைலின் பெயரிலேயே ஆளின் பெயர் இருக்கலாம். அதைப் பலர் மறந்து விடுகிறார்கள். அல்ட்ராசவுண்ட் படம் என்றால் பெயர் படத்தின் மேலேயே எழுத்தாகப் பதிந்திருக்கும். டேக்கை அழித்தாலும் அது போகாது, அந்த இடத்தையே கறுப்படிக்க வேண்டும். கர்ப்பிணிகளின் ஸ்கேன் என்றால் இன்னும் கவனம். குழந்தை ஆணா பெண்ணா என்பதை வெளியிடுவது 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

தலை ஸ்கேனில் வேறு சிக்கல். துண்டுகளைச் சேர்த்து முப்பரிமாணமாக்கினால் முகமே தெரியும். அமெரிக்காவின் மேயோ கிளினிக் ஆராய்ச்சியாளர்கள் 84 பேரின் எம்ஆர்ஐ படங்களை, அவர்களின் போட்டோக்களோடு முகம் அறியும் சாப்ட்வேரில் பொருத்திப் பார்த்தார்கள். 83 சதவீதம் பேரை சாப்ட்வேர் சரியாகக் கண்டுபிடித்தது என 2019-ல் வெளியிட்டார்கள். அதனால் இப்போது முகப் பகுதியை மழுங்கடிக்கும் புரோகிராம்களைப் பயன்படுத்துகிறார்கள்.

இவை எல்லாம் புத்தகத்தில் உள்ளவை. எங்கள் ஊர் மாதிரி இடத்திற்குத் தனிக் கவலை ஒன்று உண்டு. ஒரு பட்டியலில் பெயரே இல்லை. 'கருக்களாச்சேரி, பெண், 34 வயது, மார்ச் 14, மார்பக ஸ்கேன்' என்று மட்டும் இருக்கிறது என வைத்துக் கொள்ளுங்கள். டெல்லியில் இருப்பவருக்கு அது ஒரு வரி. எங்கள் தெருவில் யாரிடம் காட்டினாலும், அன்றைக்கு யார் ஸ்கேனுக்குப் போனார்கள் என்று சொல்லி விடுவார்கள். பிறகு அந்தப் பெண்ணின் தங்கைக்கு வரும் சம்பந்தம் வரை பேச்சு போகும். வேலை கேட்டுப் போகும் இடத்திலும் போகும். சிறிய ஊரில் ஊர்ப் பெயரே ஆளின் பெயர் மாதிரிதான்.

அமெரிக்கச் சட்டத்தில் இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். மாநிலத்தைவிடச் சிறிய இடத்தின் பெயரைத் தரக் கூடாது. அஞ்சல் எண்ணின் முதல் மூன்று இலக்கங்களைக்கூட, அவற்றுக்கு உட்பட்ட பகுதியில் 20,000 பேருக்கு மேல் இருந்தால்தான் தரலாம். 89 வயதுக்கு மேற்பட்டவர்கள் எல்லோரையும் 90 அல்லது அதற்கு மேல் என்ற ஒரே கூட்டத்தில் போட வேண்டும். அந்த வயதில் ஆட்கள் குறைவு, எளிதில் தெரிந்துவிடும் அல்லவா? நம் நாட்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் 2017-ஆம் ஆண்டு நெறிமுறைகளும், 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் உள்ளன. விதி என்ன சொன்னாலும், ஊர்ப் பெயர் இருந்த இடத்தில் மாவட்டத்தையோ மாநிலத்தையோ போடுவதும், 34 வயதை 30-39 ஆக்குவதும் என் பழக்கம்.

தேதியை என்ன செய்வது? அழித்து விட்டால் முதல் ஸ்கேனுக்கும் இரண்டாவதற்கும் எத்தனை நாள் என்று தெரியாமல் போகும். இதற்கு ஓர் அழகான வழி உண்டு. ஓர் ஆளின் எல்லாத் தேதிகளையும் ஒரே எண்ணிக்கை நாள் பின்னால் தள்ளி விடுவது. ஒருவருக்கு 47 நாள், அடுத்தவருக்கு 112 நாள். இடைவெளி மாறாது, தேதி மட்டும் பொய்யாகி விடும்.

சர்வரைப் பூட்டாமல் விட்டால் இத்தனையும் வீண். 2019 செப்டம்பரில் ஜெர்மனியின் கிரீன்போன் என்ற பாதுகாப்பு நிறுவனம், மருத்துவப் படங்களை வைத்திருக்கும் சுமார் 2,300 சர்வர்களைப் பார்த்து, அவற்றில் 590 இண்டர்நெட்டில் யாரும் நுழையும்படி இருந்ததாகச் சொன்னது. 52 நாடுகள், இரண்டு கோடியே நாற்பது லட்சத்துக்கு மேற்பட்ட பதிவுகள். இந்தியாவும் அந்தப் பட்டியலில் இருந்தது. யாரும் பூட்டை உடைக்கவில்லை. கதவே சாத்தப்படவில்லை.

எக்ஸெல் செய்யும் குறும்பு

கணக்குப்பிள்ளைக்கு நோட்டு வேண்டும். பெரிய திட்டங்களில் ரெட்கேப் போன்ற தனி சாப்ட்வேர் உண்டு. அது 2004-ல் அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் உருவானது. சிறிய திட்டங்கள் எக்ஸெல் ஷீட்டில்தான் ஓடுகின்றன. நீங்களும் அதிலேயே பழகலாம். ஆனால் எக்ஸெல் உங்களுக்கு உதவுவதாக நினைத்து சில வேலைகளைச் செய்து விடும்.

ஒரு கட்டத்தில் 00123 என்று டைப் செய்து என்டர் தட்டுங்கள். 123 ஆகிவிடும். நோயாளி எண் 00123-ம் 123-ம் வேறு வேறு ஆட்களாக இருந்தால்? 03/04/2025 என்று கொடுங்கள். உங்கள் விண்டோஸ் அமெரிக்க முறையில் செட் செய்யப்பட்டிருந்தால் அது மார்ச் 4. நம் முறையில் ஏப்ரல் 3. ஒரு மாத வித்தியாசம்! எனவே டைப் செய்யும் முன்பே அந்த நெடுக்கு வரிசையைத் தேர்ந்தெடுத்து, ரைட் கிளிக் செய்து, பார்மட் செல்ஸ் பிரிவில் டெக்ஸ்ட் என்று மாற்றி விடுங்கள். தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் 20250403 என எழுதுங்கள். பைல் பெயரிலும் இதே வரிசையைப் பின்பற்றினால் போல்டரில் தானாகவே கால வரிசையில் நிற்கும். 001_20250403_01 என்ற பெயரில் ஆள் எண், தேதி, எத்தனையாவது ஸ்கேன் மூன்றும் வந்து விடுகின்றன. மேலே சொன்னபடி தேதியைத் தள்ளியிருந்தால், தள்ளிய தேதியே இங்கும் வர வேண்டும்.

எக்ஸெல் விஷயத்தில் பெரிய நாடுகளும் தப்பவில்லை. 2020 அக்டோபரில் இங்கிலாந்தில் 15,841 கொரோனா நோயாளிகளின் விவரம் கணக்கில் ஏறாமல் போனது. பழைய எக்ஸெல் பைல் வகையில் 65,536 வரிக்கு மேல் இடமில்லை. மிஞ்சியவை விடுபட்டு விட்டன. அவர்களோடு பழகியவர்களுக்கு எச்சரிக்கை போவதும் அதனால் தாமதமானது.

இரண்டு ஷீட்டுகள் வைத்துக் கொள்ளுங்கள். ஒன்றில் ஆளின் பெயரும் நீங்கள் கொடுத்த எண்ணும். இது பாஸ்வேர்ட் போட்டு வேறு இடத்தில் இருக்க வேண்டும். மற்றதில் எண்ணும் படத்தின் விவரமும் மட்டும். இரண்டும் ஒரே பென் டிரைவில் இருந்தால் பூட்டும் சாவியும் ஒரே பையில் இருப்பது போல.

காப்பி சரியாக வந்ததா என்பதற்கும் ஒரு சோதனை உண்டு. 7-ஜிப் என்ற இலவச புரோகிராமை இன்ஸ்டால் செய்தால், பைலை ரைட் கிளிக் செய்யும்போது வரும் அதன் மெனுவில் எஸ்எச்ஏ-256 என்று ஒரு பிரிவு இருக்கும். அது பைலின் கைரேகை மாதிரி ஒரு நீண்ட குறியீட்டைத் தரும். சிடியில் உள்ள பைலுக்கும் காப்பிக்கும் ஒரே குறியீடு வந்தால் ஓர் எழுத்துகூட மாறவில்லை என்று அர்த்தம்.

யார் சேரலாம்?

என் தங்கை மாதிரி ரேடியாலஜி டெக்னீஷியன் படிப்பு முடித்தவர்களுக்கு முதல் வாய்ப்பு. படம் சரியாக எடுக்கப்பட்டதா என்பது அவர்களுக்குப் பார்த்த உடனே தெரியும். எங்களைப் போன்ற கம்ப்யூட்டர்காரர்களுக்கு அது வர வருடங்கள் ஆகும். ஆப்டோமெட்ரி படித்தவர்கள் கண் படங்களுக்கு. பயோமெடிக்கல் இன்ஜினியரிங், பி.சி.ஏ., புள்ளியியல் படித்தவர்களும் வரலாம். வேலையின் பெயர் இடத்திற்கு இடம் மாறும்: கிரேடர், இமேஜ் அனலிஸ்ட், டேட்டா மேனேஜர், கிளினிக்கல் ரிசர்ச் கோஆர்டினேட்டர், படச் சேமிப்பு சர்வரைக் கவனிக்கும் பேக்ஸ் அட்மினிஸ்ட்ரேட்டர். சில வருட அனுபவத்திற்குப் பின் திட்டத்தையே நடத்தும் மேனேஜர். அந்த நிலையில் நோயாளியின் சம்மதப் படிவம், நெறிமுறைக் குழுவின் அனுமதி, பட்ஜெட், பல ஊர் மருத்துவமனைகளோடு தினமும் போனில் மன்றாடுவது எல்லாம் சேரும்.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். அரசு ஆராய்ச்சித் திட்டங்களில் இவை பெரும்பாலும் ஒப்பந்த வேலைகள். திட்டம் முடிந்தால் வேலையும் முடிந்தது. அடுத்த திட்டத்தைத் தேட வேண்டும். வீட்டில் அரசு வேலை என்று நினைத்துக் கொண்டிருப்பவர்களிடம் இதை முதலிலேயே தெளிவாகச் சொல்லி விடுவது நல்லது. மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் நிதியில் நடக்கும் திட்டங்களில் ப்ராஜெக்ட் டெக்னிக்கல் சப்போர்ட் என்ற பெயரில் அறிவிப்பு வரும். ஜிப்மர் போன்ற நிறுவனங்களின் தளங்களில் இந்தப் பெயரைத் தேடிப் பாருங்கள்.

மூன்று மாதத்தில் வேலை நிச்சயம் என்று பெரிய தொகை கேட்கும் பயிற்சி நிலையங்கள் நிறைய முளைத்திருக்கின்றன. பணம் கட்டும் முன், இலவசமாகக் கிடைப்பவற்றைத் தீர்த்து விடுங்கள். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 2011-ல் தொடங்கிய கேன்சர் இமேஜிங் ஆர்க்கைவ் தளத்தில் பெயர் நீக்கிய ஸ்கேன் தொகுப்புகளைப் பலவற்றை இலவசமாக இறக்கலாம். சிறிய தொகுப்பாகத் தேர்ந்தெடுங்கள். சில தொகுப்புகள் உங்கள் ஹார்ட் டிஸ்க்கையே நிரப்பிவிடும். பத்து பேரின் படங்களை எடுத்து, மேலே சொன்ன முறையில் எண்ணிட்டு, தடிமனைக் குறித்து, எக்ஸெல் நோட்டு ஒன்றை உருவாக்குங்கள். நேர்முகத் தேர்வில் அந்த நோட்டைக் காட்டினால் சான்றிதழைவிட அதிகம் பேசும். கொஞ்சம் துணிந்தவர்கள் பெல்ஜியத்தில் உருவான ஆர்தாங்க் என்ற இலவச சர்வரை வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே நிறுவிப் பார்க்கலாம். பாஸ்வேர்ட் போட மறக்காதீர்கள்.

நம் பக்கத்தில் என்ன ஆராய்ச்சி நடக்கிறது என்று தெரிய வேண்டுமா? 2007 முதல் இயங்கும் இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவகத்தின் தளம் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. தேடும் கட்டத்தில் புதுச்சேரி என்றோ, உங்களுக்கு விருப்பமான நோயின் பெயரையோ ஆங்கிலத்தில் கொடுத்துத் தேடுங்கள். ஒரு பதிவைத் திறந்து, எந்தெந்த மருத்துவமனைகள், எத்தனை பேர், எதை வைத்து முடிவு சொல்லப் போகிறார்கள் என்ற பகுதிகளைப் படியுங்கள். முடிவு சொல்லும் இடத்தில் ஸ்கேன், எக்ஸ்ரே, எக்கோ என்று ஏதாவது வந்தால், அங்கே படங்களுக்குக் கணக்கு வைக்க ஓர் ஆள் தேவைப்படுகிறார். பொறுப்பாளரின் பெயரும் தொடர்பு விவரமும் அதே பக்கத்தில் இருக்கும். பயோடேட்டாவை அனுப்பும்போது, அந்தப் பதிவைப் படித்ததாக ஒரு வரி சேர்த்துக் கொள்ளுங்கள்.